சீமையத்தியும் சீதோஷ்ணமும்



நெடுநாள் வாராத உறவினர் ஒருவர் திடீரென்று வாயிலில் வந்து நின்றால், "என்ன, அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்களே!" என்று வரவேற்பது நம் நாட்டு வழக்கம். அத்தி பூத்ததை எவரும் கண்டதில்லை. ஆகவே அரிய நிகழ்ச்சிக்கு அஃது உவமையாயிற்று. ஆனால் அத்தி பூவாத மரம் அன்று. பிற மரங்களைவிட மிகுதியாகவே பூக்கின்றது. பூக்களை வெளியே காட்டாமல், நாம் காய் என்று கருதும் பைக்குள்ளே மறைத்து வைத்திருக்கிறது. உள்ளங்கையில் ஒரு பூங்கொத்தை வைத்து விரல்களை மூடிக்கொண்டால் எப்படி இருக்கும்? அத்திக்காயின் அமைப்பு அதுவேயாகும். நுனியில் ஒரு சிறு துளை. உள்ளே நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள். பழத்தைத் தின்னும்போது பல்லில் நறநறவென்று அகப்படும் விதைபோன்ற ஒவ்வொன்றும் ஒரு பூவிலிருந்து உண்டான தனிக் கனியே.

ஆலும், அரசும், அத்தியும், பேயத்தியும், இத்தியும் ஒரு குலத்தவை. இக்குலத்தில் எண்ணூறுக்குக் குறையாத இனங்கள் உலகில் உள்ளன. இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஔவையாரின் ஆத்திசூடியில் வரும் ஆத்தி வேறு. அது மந்தாரையின் உறவு. ஒரு நெடில் குறிலானால் ஒரு மரமே மாறிவிடும்.

இக்குலத்தில் மேற்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்டது சீமையத்தி. வடநாட்டார் அதனை அஞ்சீர் என்பர். மளிகைக் கடையில் நாரில் கோத்துத் தொங்கும் உலர்ந்த பழம் அதுதான். இம்மரத்தை வெவ்வேறு தட்பவெப்பத்தில், குறிப்பாக நம் ஊரைவிடக் குளிர்ந்த இடங்களில், வளர்ப்பதும் பெருக்குவதும் எப்படி என்பதே இன்றைய பேச்சு. ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நமக்குக் குளிர் நாட்டுச் செய்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மரத்தை வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம் இடத்தின் இயல்பு நமக்கு விளங்கும். பேச்சின் முடிவில் இதனை நீங்களே உணர்வீர்கள்.

முதலில், இம்மரம் காய்க்கும் முறை. காட்டுச் சீமையத்தி காய்த்துப் பழுப்பதற்கு ஒரு சிறு குளவியின் துணை வேண்டும். கொசுவினும் சிறிய அந்தப் பெண் குளவி ஆண் மரத்தின் காயிலே பிறந்து, உடலெல்லாம் மகரந்தம் படிய வெளியே பறந்து வருகிறது. முட்டையிட இடம் தேடிப் பெண் மரத்தின் காய்க்குள் நுழைகிறது. துளை மிகக் குறுகியது. நுழையும்போதே சிறகுகள் ஒடிந்துவிடும். அங்கே பூக்களின் சூல்தண்டு நீண்டிருப்பதால் அதனால் முட்டையிட இயலாது. அங்குமிங்கும் அலைந்து மகரந்தத்தைப் பூசிவிட்டு மடிகின்றது. அக்காய் பழமாகின்றது.

இதனை அறியாமல் இடர்ப்பட்டவர்கள் உண்டு. 1880-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தார், துருக்கி நாட்டு ஸ்மிர்னா நகரத்துச் சிறந்த அத்தி வகையைத் தருவித்து நட்டனர். மரங்கள் செழித்து வளர்ந்தன. ஆனால் பிஞ்சுகள் பழுக்காமல் உதிர்ந்தன. குளவியின்றிப் பழமில்லை என்று சிலர் சொன்னதைக் கட்டுக்கதை என்று பலர் நம்ப மறுத்தனர். பின்னர் ஆண் மரங்களும் குளவிகளும் வரவழைக்கப்பட்டன. 1899-ஆம் ஆண்டில் பிரெஸ்னோ நகரத்தருகே ஜார்ஜ் ரோடிங் என்பவரின் தோட்டத்தில் குளவி நிலைபெற்ற பிறகே ஸ்மிர்னா அத்தி அங்கே முறையாகப் பழுத்தது. கலிபோர்னியா, ஸ்மிர்னா என்னும் இரு பெயர்களையும் இணைத்து அவ்வகைக்குக் 'காலிமிர்னா' என்று பெயரிட்டார்கள்.

எல்லா வகைகளுக்கும் குளவி தேவை என்று எண்ணிவிடாதீர்கள். மகரந்தச் சேர்க்கை இன்றியே பழுக்கும் வகைகளும் உண்டு. நம் நாட்டில் புகழ்பெற்ற 'பூனா அத்தி' அத்தகையது. இங்கிலாந்தில் பெரிதும் வளர்க்கப்படும் 'பிரவுன் டர்க்கி' என்னும் வகையும் அத்தகையதே. குளவி இல்லாத இடத்தில் சீமையத்தி வளர்க்க விரும்புவோர் இத்தகைய வகையையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை பிறக்கிறது. குளவியின்றிப் பழுத்த பழத்தில் காணும் விதைகள் வெறும் பதர்; முளைக்கமாட்டா. துருக்கியிலிருந்து வரும் உலர்ந்த ஸ்மிர்னாப் பழத்தின் விதை முளைக்கும். ஆனால் முளைத்தவற்றில் ஏறத்தாழப் பாதி, உண்ணத்தக்க பழம் தராத ஆண் மரங்களாக இருக்கும். மற்றப் பாதியும் தாயின் குணத்தோடு பிறக்கும் என்பதற்கு உறுதியில்லை. பழம் வேண்டுமானால் குளவியும் வேண்டும். ஆகவே விதை வழியாக ஒரு வகையைக் காப்பாற்ற முடியாது. ஆய்ந்து பார்த்தால் எளிய வழி ஒன்று எஞ்சுகிறது. முருங்கையை எப்படிப் பெருக்குகிறோமோ அப்படியே போத்து வெட்டி நட வேண்டும்.

இது மிகப் பழைய வித்தை. யோர்தான் பள்ளத்தாக்கில் எரிக்கோ நகருக்கு அருகே கில்கால் என்னும் இடத்தில், ஏறத்தாழ 11,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு குடியிருப்பில், கரிந்துபோன ஒன்பது அத்திப் பழங்கள் கிடைத்தன. அவை குளவியின் துணையின்றிப் பழுக்கும் வகையைச் சேர்ந்தவை என்று ஆராய்ச்சியாளர் 2006-இல் வெளியிட்டனர். அத்தகைய மரம் மனிதன் கைபடாமல் பெருக வழியில்லை என்று அவர்கள் வாதிட்டனர். ஆகவே, கோதுமை முதலிய தானியங்களைப் பயிரிடுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்னரே மனிதன் அத்திப் போத்தை வெட்டி நட்டான் என்பது அவர்கள் கருத்து. இதனை ஐயுறும் அறிஞர்களும் உளர். எனினும், கத்தியும் பொறுமையும் உடைய எவரும் செய்யத்தக்க அத்துணை எளிய வேலை இது என்பதில் ஐயமில்லை.

நிற்க. இனித் தட்பவெப்பத்தைப் பார்ப்போம்.

சீமையத்தியின் தாயகத்தில் கோடை வறண்டது, மாரிக்காலம் குளிர்ந்தது. குளிரில் மரம் இலையுதிர்த்து உறங்கும். வறண்ட கோடையில் பழம் இனித்துப் பழுக்கும். உறங்குவதற்குக் குளிர்ச்சி, பழுப்பதற்கு வறட்சி என்று சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூனா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சனவரி இரவுகளில் வெப்பம் 11, 12 டிகிரி அளவுக்கு இறங்கும். அதனை அடுத்த புரந்தர் வட்டாரத்து அத்திக்கு 2016-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே உழவர்கள் இரண்டு பருவங்களைக் கூறுவர். மழைக்காலத்தில் பழுப்பது 'கட்டா பகார்', அதாவது புளிப்புப் பருவம். கோடையில் பழுப்பது 'மீட்டா பகார்', அதாவது இனிப்புப் பருவம். மரம் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான். பழுக்கும் காலத்தில் காற்றிலுள்ள ஈரமே புளிப்பையும் இனிப்பையும் வகுக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே சனவரியிலும் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். மரத்துக்கு நல்ல உறக்கம் வாய்ப்பதில்லை. ஆண்டில் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அக்காலத்தில் பழுக்கும் காய் வெடிக்கும், சாரமின்றிச் சப்பென்றிருக்கும், இலையில் துரு நோய் பற்றும். ஆகவே இயற்கை தராத உறக்கத்தை நாமே தரவேண்டும். மழை ஓய்ந்தபின் சில நாள் நீரை நிறுத்தி, சனவரித் தொடக்கத்தில் கவாத்துச் செய்து, பிறகு எருவிட்டு நீர் பாய்ச்சினால், புதுக் கிளைகளின் இலைக் கக்கங்களில் காய் தோன்றும். நான்கைந்து திங்களில், கோடை வறட்சியிலே, பழம் கிடைக்கும். நீர் தேங்கும் களிமண் நிலமாயின் மேடு கட்டி அதன்மேல் நடுக. தேங்கிய நீரில் அத்தியின் வேர் அழுகிவிடும்.

இப்போது மலை ஏறுவோம். குன்னூர் ஏறக்குறைய 1850 மீட்டர் உயரத்திலும் உதகமண்டலம் 2240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உதகையில் சனவரியில் உறைபனி விழுவதுண்டு. சீமையத்திக்குக் குளிர் பெரும் பகையன்று. உறங்கும் முதிர்ந்த மரம் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி வரையிலும் சிறிது நேரம் தாங்கும். இளங்கன்றும் பசுந்தளிரும் தாங்கமாட்டா. குளிரைவிடப் பெரிய தடை வெப்பக் குறைவு. அதாவது, காய் பழுப்பதற்கு வேண்டிய வெயில் போதாமை.

இதற்கு மூன்று உபாயங்கள் உண்டு. முதலாவது இடத் தேர்வு. குளிர்ந்த காற்று கனமானது. நீர்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பனி விழும் ஊரில் பள்ளத்தில் நடாதீர்கள், சரிவில் நடுங்கள். இரண்டாவது சுவர். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறான். தெற்கு நோக்கிய கற்சுவர் பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவில் அவ்வெப்பத்தை மெல்ல உமிழும். அச்சுவரை ஒட்டி நின்ற மரத்துக்கு அஃது ஒரு போர்வை. இங்கிலாந்தில் நெடுங்காலமாக இம்முறையைக் கையாண்டு வருகிறார்கள். இலண்டனில் உள்ள லாம்பத் அரண்மனையின் வெள்ளை மார்செய்ல் அத்தி, 16-ஆம் நூற்றாண்டில் கார்டினல் போல் என்பவர் கொணர்ந்து நட்டதன் வழிவந்தது என்று அங்கே வழிவழியாகக் கூறுவர். மூன்றாவது, வேருக்கு அணை. வேர் தாராளமாக ஓடினால் மரம் இலையும் கிளையுமாகவே கொழுக்கும். ஆகவே அடியில் கல்லுடைசல் பரப்பி, நாற்புறமும் பலகைக்கல் பதித்த குழியில் நடுவர். அல்லது பெரிய தொட்டியில் வளர்த்து, கடுங்குளிரில் உள்ளே எடுத்து வைப்பர். கனடாவின் டொராண்டோ நகரத்தில் குடியேறிய இத்தாலியர்கள் குளிர்காலத்தில் அத்தி மரத்தைச் சாய்த்து மண்ணிட்டு மூடி, வசந்தத்தில் மீண்டும் நிமிர்த்துகிறார்கள். அதே நகரத்தில் நம் தமிழர் இல்லங்களில் கறிவேப்பிலைச் செடி தொட்டியோடு கூடத்துச் சன்னலோரம் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது. சீமையத்தியில் இருவகைக் காய்ப்பு உண்டு. சென்ற ஆண்டுக் கிளையின் நுனியில் பட்டாணி அளவு அரும்பாகத் தங்கிக் குளிரைக் கழித்து, மறு கோடையின் தொடக்கத்தில் பழுப்பது ஒன்று. அவ்வாண்டுப் புதுக் கிளையில் தோன்றிப் பின்னர்ப் பழுப்பது மற்றொன்று. நம் ஊரிலும் பூனாவிலும் நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆகவே கிளையை வெட்டுகிறோம், வெட்டினால் பழம் பெருகுகிறது. குளிர் நாட்டிலோ இரண்டாவது காய்ப்புப் பழுக்குமுன் பனிக்காலம் வந்துவிடும். முதலாவதையே நம்பியிருக்க வேண்டும். அங்கே நம்மைப்போலக் கிளை நுனியை வெட்டினால், அடுத்த ஆண்டுப் பழத்தையே வெட்டி எறிந்ததாகும். ஒரே கத்தி, ஒரே மரம், ஓரிடத்தில் இலாபம், மற்றோரிடத்தில் நட்டம். நூலில் படித்த முறையை இடமறியாது கைக்கொள்வது அறிவாகாது என்பதற்கு இதனினும் நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இனிப் போத்து நடும் முறையைச் சொல்கிறேன். தாள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

நோயற்ற, நன்கு காய்க்கும் மரத்தில் ஓராண்டு முதிர்ந்த கிளையைத் தெரிந்தெடுங்கள். சுண்டுவிரல் பருமன் போதும். பச்சையாக வளைவது ஆகாது. ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் நீளத்தில், நான்கைந்து கணுக்கள் இருக்குமாறு வெட்டுங்கள். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேற்பக்கம் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாகவும் வெட்டினால், தலைகீழாக நடும் தவறு நேராது. வெட்டிய இடத்தில் வடியும் பால் தோலிற்பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் உண்டாகும், உடனே கழுவிவிடுங்கள், கண்ணில் படவிடாதீர்கள். பால் நின்றபின் செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த பையில், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகுமாறு நட்டு நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும், சேறாக வேண்டாம்.

நம் ஊரில் மழை ஓய்ந்த சனவரி, பிப்ரவரி இதற்கு உகந்த காலம். குளிர்ந்த ஊரில் மரம் இலையுதிர்த்து உறங்கும்போது போத்து வெட்டி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மண் சில்லிட்டிருந்தால் வேர் பிடிக்காமல் அழுகும்.

பத்துப் பதினைந்து நாளில் தளிர் தோன்றும். அதைக் கண்டு ஏமாறாதீர்கள்! போத்தில் சேமித்திருந்த உணவைக் கொண்டே வேரில்லாமலும் தளிர் வரும். வேர் விட நான்கு வாரம் முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் பிடுங்கிப் பார்ப்பவன் கையில் செத்த குச்சிதான் மிஞ்சும். இலை காட்டுகிறவன் எல்லாம் வேரூன்றியவன் அல்லன் என்பது தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்கும் பொருந்தும்.

இங்கே நம் வட்டாரத்தில் அண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். ஆவடியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு தோட்டவீடு இருந்தது. பணியின் பொருட்டு மராட்டிய நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட பெரியவர் ஒருவர், தம் ஊரிலிருந்து கொணர்ந்த அஞ்சீரை அங்கே நட்டு வளர்த்தார். அவர் மறைந்தார், பிள்ளைகள் வெளியூர் சென்றனர், அடுக்குமாடி எழுவதற்காக வீடு கைமாறியது. இடிக்கும் வேலை தொடங்குமுன் ஒரு ஞாயிறு மட்டும் எங்களுக்குக் கிடைத்தது. தெருப் பிள்ளைகள் ஐவரை அழைத்துச் சென்று பன்னிரண்டு போத்துகள் வெட்டினோம். ஏழு பிழைத்தன. தாய்மரம் மறுவாரமே வீழ்ந்தது.

போத்து வெட்டும்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, இந்தக் குச்சிக்கு வயது ஒன்றா? அல்லது மரத்தின் வயதுதான் இதற்குமா?"

நாற்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் நான் கேட்ட நல்ல வினாக்களுள் அஃது ஒன்று. எண்ணிப் பாருங்கள். அப்பெரியவர் நட்டதும் ஒரு போத்துதான். அதன் தாயும் ஒரு போத்துதான். இப்படிப் பின்னோக்கிச் சென்றால், ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு நிலத்தில் விதையிலிருந்து முளைத்த ஒரே ஒரு மரத்தில் போய் நிற்போம். பூனா அத்தி என்று நாம் அழைப்பதெல்லாம் அந்த ஒரு மரத்தின் உடல்தான். நடுவே எத்தனையோ மரங்கள் வீழ்ந்தும் வகை வாழ்கிறது. ஏனெனில், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் மரம் வீழுமுன் ஒரு குச்சியை வெட்டி வைத்தார். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் விதை அதனை மீட்டுத் தராது. அம்மாணவிக்கு நான் கூறிய விடை, "குச்சிக்கு வயது ஒன்று, அதிலுள்ள உயிருக்கு வயது எவராலும் சொல்ல முடியாது" என்பதே.

பிழைத்த ஏழில் ஒன்று அவளுடைய சிற்றப்பாவோடு குன்னூர் சென்றது. தெற்குச் சுவரோரம் தொட்டியில் வளர்கிறது. இரண்டாண்டுகள் ஆயின. அங்கே குளிரில் இலை முழுதும் உதிர்த்து உறங்கி எழுகிறது. பிஞ்சு பிடித்தது, ஆனால் இன்னும் ஒரு பழமும் பழுத்துக் கைக்கு வரவில்லை. ஆவடியில் அவள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் அதன் உடன்பிறப்போ, உறங்காமலே சென்ற வைகாசியில் நான்கு பழம் தந்தது. இரண்டும் ஒரே உடல்; ஆகவே காணும் வேறுபாடு பிறப்பால் வந்ததன்று, வளரும் சூழலால் வந்தது. அவளிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. இலையுதிர்ந்த நாள், துளிர்த்த நாள், பிஞ்சு தோன்றிய நாள், அன்றைய வெப்பநிலை ஆகியவற்றை இரண்டு ஊருக்கும் இரண்டு பத்தியில் எழுதி வருகிறாள். எந்த ஆய்வுக்கூடத்துக்கும் குறையாத ஆராய்ச்சி அது.

ஓர் எச்சரிக்கை. குன்னூருக்குப் போத்து அனுப்புவது வேறு. கடல் கடந்து அனுப்புவதோ, அங்கிருந்து கொணர்வதோ வேறு. வேரிலும் பட்டையிலும் நூற்புழுவும் நோயும் மறைந்து பயணம் செய்யும். இந்திய அரசின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி, உரிய அனுமதியும் சான்றிதழும் இன்றி வெளிநாட்டுச் செடியை உள்ளே கொணரலாகாது. அயல்நாட்டு உறவினரைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஆசையினால் ஒரு செடியைக் கொணர்ந்து, ஊர்த் தோட்டங்களுக்கெல்லாம் நோயைக் கொடுத்துவிடக்கூடாது.

நம் மேற்குப் புறநகரில் தோட்டவீடுகள் நாள்தோறும் குறைகின்றன. அதைத் தடுக்கும் ஆற்றல் உங்களுக்கோ எனக்கோ இல்லை. மனிதர்க்கும் குடியிருக்க இடம் வேண்டும். ஆனால் வீழும் தோட்டத்திலுள்ள மரம் எது, அது விதையால் பெருகுவதா, போத்தால் பெருகுவதா, பதியனால் பெருகுவதா என்று அறிந்து, உரியவர் இசைவோடு ஒரு கிளையைக் காப்பாற்ற உங்களால் இயலும். உங்கள் தெருவில் விற்பனைப் பலகை தொங்கும் வீட்டின் கொல்லையில் என்ன மரம் நிற்கிறது? நாளை பள்ளி செல்லும் வழியில் பார்த்து வாருங்கள்.